ஊழியரின் முதுமாணிப் படிப்புக்கு முதலாளி பணம் கொடுப்பது இலாபமா? புசல்லாவயிலிருந்து ஒரு கேள்வி

புசல்லாவ மழை | ஞாயிறு, இரவு 8.40

வணக்கம். புசல்லாவப் பக்கம் ஒரு சிறிய தேயிலைத் தொழிற்சாலையை நான் பார்த்துக்கொள்கிறேன். சொந்தத் தோட்டம் கிடையாது. சிற்றுடைமையாளர்களிடம் (சிறு தோட்டக்காரர்களிடம்) கொழுந்து வாங்கித் தேயிலையாக்கி ஏலத்துக்கு அனுப்புகிறோம். முதலாளி என் மாமனார். காசோலையில் கையெழுத்து அவருடையது, ஏச்சு வாங்குவது நான்.

எங்கள் தரக்கட்டுப்பாட்டு உத்தியோகத்தர் ஒரு பெண், பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழினுட்பம் படித்தவர். மூன்றரை வருடமாக எங்களோடு இருக்கிறார். போன வாரம் ஒரு கடிதம் கொடுத்தார். பேராதனையில் உணவு விஞ்ஞானத்தில் முதுமாணி படிக்க விரும்புகிறாராம். வார இறுதி வகுப்பு, இரண்டு வருடம். கட்டணம், பஸ், புத்தகம் எல்லாம் சேர்த்து அவர் போட்டிருக்கும் கணக்கு 5 இலட்சம். அதில் பாதியும், சனிக்கிழமைகளில் விடுப்பும் கேட்கிறார்.

கடிதத்தைப் படித்துவிட்டு மாமனார் ஒன்றுதான் கேட்டார்: "படித்து முடித்த மறுநாள் போய்விட்டால்?" எனக்குப் பதில் வரவில்லை. பணத்தைவிடச் சனிக்கிழமைதான் எனக்குப் பெரிய தலைவலி. கொழுந்துக்குச் சனி, ஞாயிறு தெரியாது. அன்றைய சோதனைகளை யார் செய்வது?

இப்படிக் கொடுத்தவர்களும் வாங்கியவர்களும் இருந்தால் நடந்ததைச் சொல்லுங்கள்.

---

ஐந்தொகை | ஞாயிறு, இரவு 9.15

கொடுக்காதீர்கள். உங்கள் மாமனார் கேட்டதைத்தான் கேரி பெக்கர் என்ற பொருளியலாளர் 1964-இல் முறைப்படி எழுதினார். 1992-இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. பயிற்சி இரண்டு வகை என்றார் அவர். எந்தச் சிற்றுடைமையாளர் சாக்கின் அடியில் முற்றிய இலையை வைத்துக் கட்டுவார் என்று அறிந்துவைத்திருப்பது உங்கள் தொழிற்சாலைக்கு மட்டுமே உதவும் அறிவு. அதற்கு நீங்கள் செலவழித்தால் பலனும் உங்களுக்கே. முதுமாணிப் பட்டம் அப்படியல்ல, எந்த வாசலில் காட்டினாலும் செல்லும். அதை வைத்திருப்பவருக்குச் சந்தை விலையில் சம்பளம் கொடுக்காவிட்டால் அடுத்த தொழிற்சாலை கொடுக்கும். ஆகவே அந்தச் செலவு படிப்பவருடையது.

அந்தப் பெண்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. கணக்கைச் சொன்னேன்.

---

கொழும்புவாசி (இப்போதைக்கு) | ஞாயிறு, இரவு 10.02

ஐந்தொகை அண்ணன் பாடத்தின் முதல் அத்தியாயத்தோடு நிறுத்திவிட்டார். நான் பண்டாரவளைக்காரி, கொழும்பில் மனிதவளப் பிரிவில் பன்னிரண்டு வருடம் குப்பை கொட்டியவள்.

பெக்கர் சொன்னது போட்டி நிறைந்த சந்தைக்குப் பொருந்தும். 1990-களின் கடைசியில் டேரன் அசெமோக்லுவும் ஜோர்ன்-ஸ்டெஃபன் பிஷ்கேயும் வேறொரு கேள்வி கேட்டார்கள்: அப்படியானால் ஜெர்மனியில் நிறுவனங்கள் தம் கைப்பணத்தைப் போட்டு இளைஞர்களுக்குப் பொதுவான தொழிற்பயிற்சி கொடுப்பது ஏன்? ஊழியர் நினைத்தவுடன் இடம் மாறிவிட முடியாது, அவருடைய திறமை வெளியில் இருப்பவர் கண்ணுக்கு முழுதாகத் தெரியாது என்பது பதிலின் சாரம். திறமை கூடும் அளவுக்குச் சம்பளம் கூடுவதில்லை. இடையில் மிஞ்சுவது முதலாளிக்கு.

மலைநாட்டில் இது இன்னும் பொருந்தும். புசல்லாவயில் வீடு, வீட்டில் வயதான தாய், போய்வரும் தூரத்தில் எத்தனை தொழிற்சாலை? "அடுத்த தொழிற்சாலை கொடுக்கும்" என்பது கொழும்பில் இருந்துகொண்டு எழுதும் வாக்கியம் அண்ணே.

இனி "போய்விட்டால்?" என்ற கேள்வி. பென்சன், ஃபைன்கோல்ட், மோர்மன் என்ற மூவர் அமெரிக்காவில் ஒரு பெரிய தொழினுட்ப உற்பத்தி நிறுவனத்தின் ஆயிரக்கணக்கான ஊழியரைப் பின்தொடர்ந்து 2004-இல் ஆய்வு ஒன்று வெளியிட்டார்கள். நிறுவனப் பணத்தில் படித்துக்கொண்டிருந்தவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகவே விலகினார்கள். ஆனால் பட்டப்பின் படிப்பை முடித்தவர்களிடம் விலகல் கூடியது. முடித்தபின் பதவி உயர்வு பெற்றவர்களிடமோ அது மீண்டும் குறைந்தது. மாமனாரிடம் இந்த மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். நடுவிலுள்ளதை மட்டும் சொன்னால் கடிதத்தைக் கிழித்துவிடுவார்.

---

கறுப்புக் கோப்பை | திங்கள், காலை 5.50

தம்பி, நான் முப்பத்தொரு வருடம் டீமேக்கராக (தொழிற்சாலையில் தேயிலை தயாரிப்புக்குப் பொறுப்பானவராக) இருந்து ஓய்வு பெற்றவன். பட்டம் கிட்டம் எதுவும் இல்லை. அரைத்த கொழுந்தைக் கையில் அள்ளி மூக்குக்குக் கொண்டுபோனால் போதும், இன்னும் பத்து நிமிடம் விடலாமா, இப்போதே அடுப்புக்கு ஏற்றலாமா என்று சொல்லிவிடுவேன். பல்கலைக்கழகத்திலிருந்து வந்த பிள்ளைகளைப் பல வருடம் ஏளனமாகத்தான் பார்த்தேன். வெப்பமானியைத் தூக்கிக்கொண்டு பின்னால் சுற்றுவார்கள், நான் காணாததுபோல் நடப்பேன்.

அந்த மிடுக்கு ஒரே நாளில் போனது. 2015-இல் அரசாங்கம் கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைத் தடை செய்தது ஞாபகமிருக்கும். 2018-இல்தான் தேயிலைக்கு மறுபடி அனுமதித்தார்கள். இடையில் புல்லுக்கு யார் எதை அடித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. அப்போது எங்கள் சரக்கு ஒன்று எஞ்சிய மருந்துக்காக மாட்டிக்கொண்டது. இரண்டு பக்க ஆய்வுகூட அறிக்கை வந்தது. பெரிய துரை அதை என் மேசையில் வைத்து "இதற்கு என்ன பதில் எழுதுவது?" என்றார். தனி எல்லை வகுக்கப்படாத மருந்துக்கு ஜப்பானும் ஐரோப்பிய ஒன்றியமும் வைத்திருக்கும் பொது எல்லை கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். என் மூக்குக்கு எட்டும் சங்கதியா அது? அறிக்கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னால் சுற்றிய பிள்ளைகளில் ஒருத்திதான் வாசித்து விளக்கினாள். எந்தப் பக்கத்துக் கொழுந்து, எந்த வாரம் என்று பதிவேட்டைப் புரட்டிக் கண்டுபிடித்ததும் அவள்தான்.

ஆகவே படிக்கட்டும். ஆனால் படித்துவிட்டு வந்து டீமேக்கருக்கு மூக்கு எதற்கு என்று கேட்கக்கூடாது. அதையும் கடிதத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

---

எல்ல வளைவு | திங்கள், பகல் 1.20

நான் அந்த "போய்விட்டால்" ஆள். மறுதரப்பையும் கேளுங்கள்.

ஊவாவில் ஒரு நிதி நிறுவனக் கிளையில் வேலை செய்தேன். பெயர் வேண்டாம். வணிக நிர்வாக முதுமாணிக்கு முழுக் கட்டணமும் கட்டினார்கள். முடித்தபின் மூன்று வருடம் இருக்க வேண்டும் என்று பிணைமுறி. சந்தோஷமாகக் கையெழுத்திட்டேன். வெள்ளி இரவு பஸ் ஏறிக் கொழும்புக்குப் போய், ஞாயிறு இரவு ரயிலில் திரும்பி, திங்கள் காலை முகம் கழுவிக்கொண்டு நேராகக் கவுண்டரில் உட்கார்ந்த வருடங்கள் அவை. அந்த நாட்களில் இந்த நிறுவனத்துக்காக உயிரையும் கொடுப்பேன் என்றுதான் இருந்தேன், உண்மையாகவே.

என் ஆய்வுக் கட்டுரை அடகு பற்றியது. தோட்டப் பக்கத்துக் குடும்பங்கள் எந்த மாதத்தில் நகையை வைக்கிறார்கள், எந்த மாதத்தில் மீட்கிறார்கள், எது மீளாமலே ஏலத்துக்குப் போகிறது என்று எங்கள் கிளைக் கணக்கையே வைத்து எழுதினேன். தீபாவளி முற்பணம் கிடைக்கும் காலத்துக்கும் மீட்புக்கும் உள்ள தொடர்பைக் காட்டி, தவணையை மாற்றினால் இரு பக்கத்துக்கும் நல்லது என்று முடித்திருந்தேன். முகாமையாளரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். "வெரி குட், வெரி குட்" என்று இலாச்சியில் போட்டார். நான் விலகிய நாளில் சாவியை ஒப்படைக்கும்போது பார்த்தேன், போட்ட இடத்திலேயே கிடந்தது.

பட்டம் வாங்கி வந்த பிறகு அதே கவுண்டர், அதே பதவிப் பெயர். சம்பளத்தில் ஒரு சதமும் மாறவில்லை. ஏன் என்று கேட்டால் "உயர் பதவிகள் எல்லாம் தலைமையகத்தில்தானே" என்றார்கள். அது பொய்யில்லை. மலைநாட்டில் கிளைக்கு மேலே கிளைதான் இருக்கிறது, கதிரை எல்லாம் கொழும்பில். பிணைமுறி முடிந்த மறுநாள் விலகினேன். கட்டணத்தோடு சேர்த்து ஒரு நாற்காலியும் தந்திருந்தால் இன்னும் அங்கேதான் இருப்பேன்.

---

ஐந்தொகை | திங்கள், மாலை 6.05

மூன்று வருடம் அவர்களுக்கு உழைத்தீர்கள். அவர்கள் நட்டப்பட்டார்கள் என்று எப்படிச் சொல்வது?

---

எல்ல வளைவு | திங்கள், மாலை 6.30

மூன்று வருடம் உட்கார்ந்திருந்தேன் என்று எழுதுங்கள்.

---

லயத்துப் பையன் | திங்கள், இரவு 7.45

இங்கே எல்லோரும் கேட்டால் கிடைக்கும் என்ற இடத்திலிருந்து பேசுகிறீர்கள். 1992-இல் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்கு வந்தபோது எங்கள் அப்பா "இனிப் படித்தவனுக்குக் காலம்" என்றாராம். நான் வெளிக்கள உத்தியோகத்தனாகச் சேர்ந்து நான்கு வருடம் கழித்து, பெருந்தோட்ட முகாமைத்துவ டிப்ளோமாவுக்கு வார இறுதி விடுப்பு மட்டும் கேட்டேன். பணம் கேட்கவில்லை. "படித்து என்ன, திங்கட்கிழமை மலைக்குத்தானே போகப் போகிறாய்?" என்று பதில் வந்தது. அதே வருடம் சின்னத் துரை (உதவி முகாமையாளர்) ஒருவருக்கு முதுமாணிக் கட்டணம் முழுதும் கட்டினார்கள். அவர் இப்போது ஒஸ்திரேலியாவில் இருக்கிறார். ஆளைக் குற்றம் சொல்லவில்லை, நல்ல மனிதர்.

முதலாளிக்கு இலாபமா என்று கணக்குப் பார்க்கும்போது, யாருக்குக் கொடுத்தார், யாருக்கு மறுத்தார் என்பதையும் பாருங்கள். போகக்கூடியவனுக்கே கொடுத்துவிட்டு, இருக்கப்போகிறவனுக்கு மறுத்துவிட்டு, பிறகு "கொடுத்தால் போய்விடுகிறார்கள்" என்பது எந்த ஊர்க் கணக்கு?

---

மஸ்கெலியா டீச்சர் | திங்கள், இரவு 9.10

லயத்துப் பையன் தம்பி, நெஞ்சில் தைத்தது.

அரசாங்கமும் ஒரு முதலாளிதான் என்பதால் என் கதையையும் சொல்கிறேன். கணிதம் கற்பிப்பவள். சம்பளத்தோடு கல்வி லீவு பெற்று முதுமாணி முடித்தேன், பிணைமுறி உண்டு. திணைக்களத்தின் கணக்கில் நான் இலாபம். தகுதி கூடிய ஆசிரியை, சேவையிலேயே இருக்கிறேன், முறியை மீறவில்லை. ஆனால் நான் இல்லாத காலத்தில் எங்கள் பாடசாலையில் சாதாரண தர வகுப்புக்குக் கணித ஆசிரியர் இல்லை. பதிலுக்கு யாரும் வரவில்லை. விளையாட்டு ஆசிரியர் வகுப்பில் போய் உட்கார்ந்திருப்பார், பிள்ளைகள் பழைய வினாத்தாளைப் பிரதி செய்வார்கள். திரும்பி வந்து அந்தத் தொகுதியின் பெறுபேற்றைப் பார்த்தபோது என் பட்டச் சான்றிதழைச் சட்டகம் போடக் கொடுத்திருந்தேன், போய் எடுத்துவர மனமில்லை. இன்னும் அந்தக் கடையில்தான் இருக்கிறதோ என்னவோ.

செலவழிக்கும் கை ஒன்று, பயன்பெறும் கை ஒன்று, விலை கொடுப்பது வேறொருவர். உங்கள் சனிக்கிழமைக் கேள்வி இதே ரகம் தம்பி. அந்தப் பெண் இல்லாத நாளில் வேலை யார் தலையில் விழும் என்று முதலில் பாருங்கள். அவர் திரும்பி வரும்போது சக ஊழியர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டால் எந்தப் பட்டமும் பயன்படாது.

இன்னொன்று. பிணைமுறியை மட்டும் நம்பாதீர்கள். 2022-இல் நாடு விழுந்தபோது, அரச ஊழியர் ஐந்து வருடம்வரை சம்பளமில்லா விடுப்பில் வெளிநாடு போகலாம், சேவை மூப்பு பாதிக்காது என்று அரசாங்கமே சுற்றறிக்கை விட்டது. டொலர் தேவைப்பட்டது. படிக்க வைத்தவரே வழியனுப்பியும் வைத்தார்.

---

புசல்லாவ மழை | செவ்வாய், இரவு 8.20

எல்லோருக்கும் நன்றி. ஐந்தொகை அண்ணன் கணக்குக் கேட்பார் என்று நானே போட்டுப் பார்த்தேன்.

சராசரியாக நாளொன்றுக்கு 8,000 கிலோ கொழுந்து வாங்குகிறோம். 100 கிலோ கொழுந்துக்கு 21.5 கிலோ தேயிலை என்பது வழமை. இவர் வந்து வாட்டும் தட்டுகளின் காற்றோட்டத்தையும் அடுப்பிலிருந்து வரும் தேயிலையின் ஈரத்தையும் மணிக்கணக்காகப் பதியத் தொடங்கிய பிறகு அது 21.6 ஆக நிற்கிறது. 0.1 என்றால் நாளுக்கு 8 கிலோ. வருடத்தில் 300 நாள் ஓடினால் 2,400 கிலோ. கிலோ ஆயிரம் ரூபாய் என்று வைத்தாலும் 24 இலட்சம். அவர் கேட்பது இரண்டு வருடத்துக்கும் சேர்த்து இரண்டரை.

---

கறுப்புக் கோப்பை | செவ்வாய், இரவு 8.55

தம்பி, அந்த 0.1-ஐ மாமனாரிடம் காட்டிவிடாதீர்கள், அவருக்குத் தொழில் தெரியும் என்றால் சிரிப்பார். மழை நாளில் கொழுந்தோடு தண்ணீரையும் சேர்த்துத்தான் நிறுக்கிறீர்கள். மழை மாதத்தில் அந்த எண் விழும், வரட்சியில் தானாக ஏறும். எந்த மாதத்தோடு எந்த மாதத்தை ஒப்பிட்டீர்கள்? தண்ணீருக்கென்று சிற்றுடைமையாளரிடம் கழிவு எவ்வளவு பிடிக்கிறீர்கள்? நூறு கிலோவுக்கு இரண்டு கிலோ பிடிக்க வேண்டிய இடத்தில் இரண்டரை கிலோ பிடித்தாலும் 21.6 வரும். அதற்கு முதுமாணி வேண்டாம், தராசடியில் கல் நெஞ்சுள்ள ஓர் ஆள் போதும்.

---

ஐந்தொகை | செவ்வாய், இரவு 9.30

ஐயா சொன்னது நெத்தியடி. நானும் ஒன்று சேர்க்கிறேன். அந்த 0.1 உண்மையே என்று வைத்தாலும், அது முதுமாணி படிப்பதற்கு முன்பே வந்தது. ஆளின் குணத்தால் வந்ததைப் படிப்பின் கணக்கில் எழுத முடியாது. அமெரிக்காவில் சிக்னா காப்புறுதி நிறுவனத்தின் கல்வி உதவித் திட்டம் 129 வீதம் இலாபம் தந்தது என்று 2016-இல் ஓர் அறிக்கை வந்தது, யாராவது இங்கே கொண்டுவருவீர்கள் என்று காத்திருந்தேன். அதைப் படிக்கும்போதும் எனக்கு இதே சந்தேகம்: வேலை முடிந்து இரவில் படிக்கத் துணிகிறவர் படிக்காவிட்டாலும் முன்னேறியிருப்பாரோ? உயர்கல்வியைப் பரப்புவதற்கென்றே இருக்கும் லூமினா அறக்கட்டளை வெளியிட்ட அறிக்கை என்பதையும் மறக்க வேண்டாம்.

---

கொழும்புவாசி (இப்போதைக்கு) | செவ்வாய், இரவு 10.40

சந்தேகம் நியாயம். ஆனால் அது உங்களுக்கு எதிராகவே திரும்புகிறது அண்ணே. பீட்டர் கப்பெல்லி என்ற பேராசிரியர் 2004-இல் கண்டதும் அதுதான். படிப்புக்கு உதவும் நிறுவனங்களை நாடி நல்ல ஊழியர்கள் வருகிறார்கள், வந்தவர்கள் குறைவாக விலகுகிறார்கள். முதலாளிக்கு ஆளின் குணம்தானே வேண்டும்? அந்தக் குணமுள்ளவர் கடிதம் எழுதித் தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிட்டார். மறுத்தாலும் அவர் எங்காவது படிக்கத்தான் போகிறார். அப்போது உங்களுக்கு எந்தக் கடமையும் இல்லாமல் போவார்.

புசல்லாவ தம்பி, காரியத்துக்கு வருவோம். மொத்தமாகக் கொடுக்காதீர்கள், பருவத்துக்குப் பருவம் சித்தியடைந்த பிறகு கொடுங்கள். மூன்று வருடம் என்று கழுத்தில் கல்லைக் கட்டவும் வேண்டாம். கொடுப்பதைக் கடனாக வைத்து, முடித்தபின் ஒரு வருடம் இருந்தால் பாதி கழியும், இரண்டு வருடம் இருந்தால் முழுதும் கழியும் என்று எழுதுங்கள். ஆய்வுத் தலைப்பு உங்கள் தொழிற்சாலையிலிருந்து வரட்டும், அதை வாசிக்க ஓர் ஆளும் இருக்கட்டும், இலாச்சி வேண்டாம். முடித்தால் என்ன பதவி என்று இன்றே எழுதிவிடுங்கள்.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். 1983-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி (தோட்டத்தில் சேவைக்காலப் பணம் என்போமே, அதுதான்), 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்த மாதச் சம்பளக்காரருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் உரித்து. இவர் மூன்றரையில் இருக்கிறார், படிப்பு நடுவிலேயே ஐந்தைத் தாண்டிவிடுவார். விலகினால் பிணைப் பணத்தை அதில் பிடித்துக்கொள்ளலாம் என்று மனக்கணக்குப் போடாதீர்கள். மோசடி, கையாடல், சொத்துக்குச் சேதம் போன்ற காரணங்களுக்குத்தான் அதில் கை வைக்கச் சட்டம் இடம் தருகிறது. ஒரு சட்டத்தரணியிடம் ஒப்பந்தத்தைக் காட்டிவிடுங்கள்.

---

ஐந்தொகை | புதன், காலை 7.10

பருவத்துக்குப் பருவம், அதுவும் கடனாக, வருடந்தோறும் தள்ளுபடி. இப்படியென்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. பெக்கரிடம் நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

---

லயத்துப் பையன் | புதன், காலை 7.25

ஒரே ஒரு வேண்டுகோள். "தரக்கட்டுப்பாட்டு உத்தியோகத்தருக்கு" என்று எழுதாமல் "இரண்டு வருடம் சேவை முடித்த எந்த ஊழியருக்கும்" என்று எழுதுங்கள்.

---

புசல்லாவ மழை | வெள்ளி, இரவு 9.05

நேற்று மூன்று பேரும் உட்கார்ந்து பேசினோம்.

ஐயா கேட்டபடி ஒரே மாதங்களை ஒப்பிட்டுப் பார்த்தேன். 0.1 பாதியாகிவிட்டது. அதையே மாமனாரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பிள்ளையைப் பார்த்து, "நீ போவாயா?" என்று நேராகக் கேட்டுவிட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிள்ளை, "இங்கே எனக்கு ஓர் ஆய்வுகூட அறை தருவீர்களா, சேர்?" என்று திருப்பிக் கேட்டார். பழைய களஞ்சியத்தை ஒட்டி ஓர் அறை வெறுமையாகக் கிடக்கிறது. மாமனார் எழுந்து போய் அதைத் திறந்து பார்த்துவிட்டு வந்தார். கூரை ஒழுகுகிறதாம். தகரம் மாற்ற ஆள் சொல்லியாகிவிட்டது.

பாதிக் கட்டணம், பருவத்துக்குப் பருவம், இரண்டு வருடத் தள்ளுபடி. முடித்தால் தர முகாமையாளர் என்று பதவிப் பெயரும் கடிதத்தில் இருக்கிறது. தம்பி கேட்ட "எந்த ஊழியருக்கும்" என்ற வரியில் மாமனார் பேனாவை வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தார். "வருடத்துக்கு ஒருவர்" என்று பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட்டார். அவ்வளவுதான் முடிந்தது, மன்னிக்கவும்.

சனிக்கிழமைதான் இன்னும் தீரவில்லை. அடுத்த மாதம் வகுப்புத் தொடங்குகிறது.

---

கறுப்புக் கோப்பை | வெள்ளி, இரவு 9.40

மகள் வீடு புசல்லாவயில்தான். சனிக்கிழமைகளில் நான் வருகிறேன். அந்த ஈரம் பார்க்கும் கருவியை எப்படிப் பிடிப்பது என்று மட்டும் பிள்ளையை ஒரு நாள் சொல்லித்தரச் சொல்லுங்கள். முதல் லொறி எத்தனை மணிக்கு வரும்?